கொடுக்கிற கை எல்லாருக்கும் உண்டு

(சிறு அறக்கட்டளைகளின் ஆண்டுக் கூடுகையில் ஆற்றிய சொற்பொழிவின் அச்சு வடிவம்)



இந்த மண்டபத்தில் இருப்பவர்களில் பாதிப் பேருக்கு மேல் ஏதாவதொரு சின்ன டிரஸ்டை நடத்துகிறவர்கள். மாலைநேரப் பள்ளி நடத்துகிறீர்கள். முதியோருக்குச் சாப்பாடு போடுகிறீர்கள். ஆதரவில்லாத பெண்களுக்குத் தையல் கற்றுக்கொடுக்கிறீர்கள். உங்கள் எல்லாருடைய பையிலும் ஒரு ரசீது புத்தகம் இருக்கும். அந்தப் புத்தகத்தோடு எத்தனை படி ஏறி இறங்கியிருப்பீர்கள்! “போன வருஷம்தானே கொடுத்தோம்” என்ற பதிலை எத்தனை வாசலில் கேட்டிருப்பீர்கள்! அந்தப் பணத்தைப் பற்றித்தான் இன்று பேசப்போகிறேன்.

பணம் எவ்வளவு வந்தது என்று எல்லாரும் கேட்கிறார்கள். ஆடிட்டர் கேட்கிறார், வருமான வரித்துறை கேட்கிறது. அது எப்படி வந்தது, யார் கை வழியாக வந்தது என்று நாம் கேட்டுக்கொள்கிறோமா? ஓர் அமைப்பின் குணத்தையே அந்தக் கேள்விதான் தீர்மானிக்கிறது என்பது என் உறுதியான எண்ணம். அதைச் சொல்ல ஒரு பெரிய நிறுவனத்தின் கதையை நான் எடுக்கவில்லை. நாற்பதை ஒட்டிய நாடுகளில் சிறு சிறு குழுக்களாக, ஒவ்வொன்றும் தன் காலிலேயே நின்று, ஒன்றோடொன்று கைகோத்திருக்கிற ஒரு வலைப்பின்னலின் கதையை எடுத்திருக்கிறேன். எம்மாவுஸ் என்பது அதன் பெயர். லூக்கா நற்செய்தியில் வருகிற அந்த ஊரின் பெயர்தான்.

இரண்டாம் உலகப் போர் முடிந்த காலம். பாரிஸ் நகரத்தில் வீடில்லாதவர்கள் ஏராளம். நகரத்துக்குக் கிழக்கே நேயி-ப்ளேசான்ஸ் என்ற புறநகர்ப் பகுதியில், பாழடைந்த ஒரு பெரிய வீட்டை எடுத்துத் தன் கையாலேயே பழுதுபார்த்துக்கொண்டிருந்தார் ஒரு பாதிரியார். இயற்பெயர் ஆன்ரி க்ரூவே. ஜெர்மானிய ஆக்கிரமிப்பை எதிர்த்துத் தலைமறைவு இயக்கத்தில் இருந்தபோது அபே பியேர் என்ற பெயர் அவரோடு ஒட்டிக்கொண்டது. வீட்டைப் பழுதுபார்த்த அந்நாளில் அவர் நாடாளுமன்ற உறுப்பினரும்கூட. அவருடைய செயலாளராகத் தொடங்கிக் கடைசிவரை நிர்வாகத்தைத் தாங்கியவர் லூசி கூத்தாஸ் என்ற அம்மையார். மேடைகளில் அதிகம் பேசப்படாத பெயர் அது. அதனாலேயே இங்கே சொல்கிறேன்.

1949-ஆம் ஆண்டு ஜார்ஜ் என்ற மனிதரிடம் அபே பியேரை அழைத்துப் போனார்கள். பல வருடம் தண்டனைக் கைதியாக இருந்து விடுதலையானவர். திரும்பி வந்தபோது அவருக்கென்று வீட்டில் இடமில்லை. உயிரை மாய்த்துக்கொள்ள முயன்று, பிழைத்துக் கிடக்கிறார். இப்படிப்பட்ட ஒருவரிடம் நீங்களும் நானும் போனால் என்ன சொல்வோம்? ஆறுதல் சொல்வோம். கையில் இருப்பதைக் கொடுப்போம். இன்னும் கொஞ்சம் நல்ல மனம் இருந்தால் ஒரு வேலை பார்த்துத் தருவோம்.

அபே பியேர் அவரிடம் சொன்னதன் சாரம் வேறு. உனக்குக் கொடுக்க என்னிடம் ஒன்றுமில்லை. வீடில்லாதவர்களுக்கு வீடு கட்டிக்கொண்டிருக்கிறேன், ஆள் போதவில்லை, வந்து எனக்குக் கை கொடுப்பாயா என்று கேட்டார். ஜார்ஜ் எழுந்து வந்தார். எம்மாவுஸின் தொடக்கம் அதுதான். பணமோ வீடோ கொடுத்திருந்தால் மறுபடியும் சாகத்தான் போயிருப்பேன், வாழ்வதற்கு ஒரு காரணம்தான் என்னிடம் இல்லாமலிருந்தது என்ற பொருளில் அவர் பின்னாளில் சொன்னதாக அந்த இயக்கத்தார் இன்றும் சொல்கிறார்கள்.

தோழர்களே, உதவி கேட்டு வருகிறவரிடமே உதவி கேட்பது என்பது நம்மில் எத்தனை பேருக்குத் தோன்றும்? நம் பயனாளிகள் பட்டியலை எடுத்துப் பாருங்கள். பெயர், வயது, முகவரி, ஆதார் எண், கொடுத்த பொருள், கையெழுத்து அல்லது கைரேகை. அவருக்கு என்ன தெரியும், அவரால் மற்றவருக்கு என்ன செய்ய முடியும் என்று எழுத அந்தப் பட்டியலில் ஒரு கட்டம் உண்டா?

பணத்துக்கு வருகிறேன். முதலில் அந்த வீட்டில் கூடியவர்களின் செலவு அபே பியேரின் நாடாளுமன்றச் சம்பளத்தில் ஓடியது. 1951-இல் பதவி போனது, சம்பளமும் நின்றது. சாப்பிட வாய்கள் இருந்தன, பாதி எழும்பிய சுவர்கள் இருந்தன, காசு இல்லை. பாதிரியார் பாரிஸ் தெருவில் இறங்கிக் கையேந்தினார். அது தெரிந்ததும் உடனிருந்தவர்களுக்குப் பொறுக்கவில்லை. அவர்களில் ஒருவர் முன்பு குப்பையில் பழைய பொருள் பொறுக்கிப் பிழைத்தவர். பழந்துணி, இரும்பு, காகிதம், பாட்டில் இவற்றை எங்கே எடுப்பது, எப்படிப் பிரிப்பது, எவரிடம் விற்பது என்று அவருக்குத் தெரியும். அவர் கற்றுக்கொடுத்தார், மற்றவர்கள் கற்றுக்கொண்டார்கள். நம் ஊரில் காயலான் கடை என்கிறோமே, அந்தத் தொழில்தான். ஊர் வேண்டாமென்று எறிந்த பொருளை, ஊர் வேண்டாமென்று ஒதுக்கிய மனிதர்கள் எடுத்துச் சுத்தம்செய்து விற்றார்கள். அதில் சாப்பிட்டார்கள். மிஞ்சியதில் வேறு குடும்பங்களுக்குக் கூரை போட்டார்கள்.

அதற்குப் பிறகு நடந்ததுதான் உலகத்துக்குத் தெரிந்த கதை. 1954 பிப்ரவரி முதல் தேதி. பிரான்ஸ் விறைத்துக் கிடந்த குளிர்காலம். பாரிஸில் செபாஸ்தோபோல் பெருஞ்சாலையோரம் ஒரு பெண் குளிரில் உறைந்து இறந்துகிடந்தார். இரண்டு நாளுக்கு முன் அவரை வீட்டைவிட்டு வெளியேற்றிய உத்தரவுக் காகிதம் அவர் கையில் இருந்தது. அபே பியேர் ரேடியோ லக்சம்பர்க் நிலையத்துக்குப் போய் ஒலிவாங்கி முன் நின்று, இன்று ராத்திரிக்குள் போர்வை வேண்டும், கூடாரம் வேண்டும், அடுப்பு வேண்டும் என்று நாட்டைக் கேட்டார். நாடு எழுந்து வந்தது. அந்நாளைய கணக்கில் 50 கோடி பிராங்க் சேர்ந்தது. சார்லி சாப்ளின் 20 லட்சம் கொடுத்தார். வந்து குவிந்த பொருளை வைக்க இடமில்லாமல், பயன்பாட்டில் இல்லாத ஓர்சே ரயில் நிலையத்தைத் திறக்கவேண்டியிருந்தது. குளிர்காலத்தில் வாடகைக்காரரை வீட்டைவிட்டு வெளியேற்றக்கூடாது என்று 1956-இல் சட்டம் வந்தது. இன்றும் நவம்பர் முதல் மார்ச் முடியும்வரை அந்தப் பாதுகாப்பு அங்கே நடைமுறையில் இருக்கிறது.

மகத்தான நிகழ்ச்சி. ஆனால் நிதி திரட்டுவதைப் பற்றிப் பேச வந்த நான், 1954-ஐவிட 1951-ஐத்தான் பெரிதாக நினைக்கிறேன். ரேடியோவில் கேட்டு வந்த பணம் வெள்ளம்போல் வந்தது, செலவாகி முடிந்தது. குப்பை பொறுக்கி வந்த பணம் எழுபது ஆண்டைத் தாண்டி இன்றும் வந்துகொண்டிருக்கிறது. உணர்ச்சி பொங்கிக் கொடுப்பவர்களை நான் ஒருநாளும் குறைத்துச் சொல்லமாட்டேன். சுனாமியின்போதும் சென்னை வெள்ளத்தின்போதும் அந்தப் பொங்கல்தான் உயிர்களைக் காத்தது. அந்த வருமானத்தை நம்பி அடுத்த மாத அரிசிக்குக் கணக்குப் போட முடியுமா என்றுதான் கேட்கிறேன்.

எம்மாவுஸ் கொட்டகை ஒன்றில் பொருள் பிரிக்கிற மேசையைப் பாருங்கள். வீடு காலி செய்த யாரோ கொடுத்த மூட்டை அவிழ்கிறது. ஒருவர் குளிர்கோட்டை எடுத்து முதலில் பைகளைத் துழாவுகிறார், மறந்துபோன சாவியோ புகைப்படமோ இருந்தால் எடுத்துவைக்க. ஜிப்பை மேலும் கீழும் இழுத்துப் பார்க்கிறார். பொத்தான் இல்லையென்றால் பொத்தான் டப்பா பக்கம் போகிறது. பீங்கான் கோப்பையை நகத்தால் சுண்டி, ஓசையை வைத்தே விரிசல் உண்டா என்று சொல்லிவிடுகிறார் இன்னொருவர். நாற்காலியின் ஆடுகிற கால் தச்சு மேசைக்கு, எரியாத விளக்கு மின்வேலை மேசைக்கு. ஒன்றுக்கும் உதவாத துணி தனிக் குவியல். அதற்கும் வழி கண்டுபிடித்தார்கள். 1984-இல் வடபிரான்ஸின் பழைய சுரங்க ஊரான ப்ருவே-லா-புய்சியேரில் ‘லெ ரெலே’ என்ற எம்மாவுஸ் நிறுவனம் தொடங்கியது. சுரங்கங்கள் மூடி வேலை போன ஊருக்குப் பழந்துணி வேலை கொடுத்தது. கிழிந்த ஜீன்ஸை நாராக்கி, குளிரும் சத்தமும் உள்ளே வராதபடி சுவருக்குள் வைக்கும் பலகைகளாக்கி விற்கிறார்கள்.

அந்த மேசையில் நிற்பவர்களுக்குத் தோழர்கள் என்று பெயர். தங்க அறை, மூன்று வேளை சாப்பாடு, கைச்செலவுக்குக் கொஞ்சம் பணம். இங்கிலாந்தில் 1992-இல் கேம்பிரிட்ஜ் பக்கத்தில் முதல் எம்மாவுஸ் குடியிருப்பு திறந்தபோது, வருகிறவர்கள் வேலையில்லாதோருக்கான அரசு உதவித்தொகையை விட்டுவிட்டு வரவேண்டும் என்று வைத்தார்கள். அறை வாடகைக்கான அரசு உதவி அங்கே உண்டு, அதையும் சொல்லிவிட வேண்டும். மற்றபடி சோறு தங்கள் உழைப்பில். தெருவில் படுத்தவர் கடையில் நின்று பில் போடுகிறார். அந்த பில்லில் வருகிற லாபத்தின் ஒரு பங்கு, அவர் பார்த்தேயிராத ஒரு நாட்டுக்குப் போகிறது.

இந்தக் குழுக்கள் ஒன்றுசேர்ந்த விதத்தையும் கேளுங்கள். 1963-இல் தென் அமெரிக்காவில் லா பிளாட்டா ஆற்றில் அபே பியேர் பயணம் செய்த கப்பல் மூழ்கியது. அவர் இறந்துவிட்டதாகவே சில பத்திரிகைகள் எழுதின. பிழைத்து வந்தவருக்கு உறைத்தது, தான் போய்விட்டால் இத்தனை நாட்டில் சிதறிக்கிடக்கும் குழுக்களை யார் இணைப்பார்கள் என்று. 1969-இல் சுவிட்சர்லாந்தின் பெர்ன் நகரத்தில் முதல் உலக மாநாடு, பொது அறிக்கை. 1971-இல் கனடாவின் மான்ட்ரியலில் சர்வதேச எம்மாவுஸ் என்ற அமைப்பு. குழுக்கள் தனித்தனி, கணக்கு தனித்தனி, நிர்வாகம் தனித்தனி. பொது நிதிக்கு ஒவ்வொரு குழுவும் சந்தா கட்டும். அதுபோக, வருமானம் முழுவதும் பொது நிதிக்கே என்று அறிவித்துத் தனி விற்பனை நடத்தும். எதற்குச் செலவிடுவது என்பதை அந்தக் குழுக்களே கூடி முடிவுசெய்யும்.

அந்தப் பணம் எங்கே போகிறது? மேற்கு ஆப்பிரிக்காவில் பெனின் நாட்டில் நொகுவே ஏரி இருக்கிறது. ஏரி நடுவே கால் நட்டுக் கட்டிய வீடுகளில் ஊர் ஊராக மக்கள் வாழ்கிறார்கள். படகில்தான் பள்ளி, படகில்தான் சந்தை. நாலா பக்கமும் தண்ணீர், குடிக்க ஒரு வாய் நல்ல தண்ணீர் இல்லை. ஏரித் தண்ணீரைக் குடித்துக் குழந்தைகள் வயிற்றுப்போக்கில் மடிந்தார்கள். பல நாட்டு எம்மாவுஸ் குழுக்கள் பழைய சட்டையும் பழைய நாற்காலியும் விற்ற காசைப் போட்டு அங்கே ஆழ்துளைக் கிணறும் தொட்டியும் கழிப்பறையும் அமைத்தன. எனக்கு மிகவும் பிடித்தது அதன் நிர்வாகம். தண்ணீரை எடுப்பவர்களே கமிட்டி அமைத்து, குடத்துக்குச் சிறு தொகை வாங்கி, பராமரிப்பைத் தாங்களே பார்க்கும்படி அமைத்தார்கள்.

நம் மண்ணுக்கும் இதில் பங்குண்டு. திருச்சியில் இருந்து இயங்கும் ‘குடும்பம்’ என்ற அமைப்பு இந்த வலைப்பின்னலின் உறுப்பினர். இயற்கை வேளாண்மைக்காகத் தமிழ்நாடு முழுக்க நடந்த நம்மாழ்வார் ஐயா அதைத் தொடங்கியவர்களில் ஒருவர். புதுக்கோட்டை மாவட்டம் ஓடுகம்பட்டியில் அவர்கள் உருவாக்கிய கொழுஞ்சிப் பண்ணைக்குப் போனவர்கள் இங்கேயே இருப்பீர்கள். பொட்டல் காடு மரக்காடாகிய இடம் அது.

புதுக்கோட்டை என்றதும் மொய் விருந்து நினைவுக்கு வராமல் இருக்குமா? ஆடி பிறந்தால் வடகாடு, கீரமங்கலம், பேராவூரணி பக்கமெல்லாம் பந்தல். கறிச்சோறு சாப்பிட்டு, நோட்டில் பெயரெழுதிப் பணம் போட்டுவிட்டுப் போவார்கள். அங்கே பணம் வாங்குகிறவர் தலைகுனிந்து வாங்குகிறாரா? இல்லை. நெஞ்சை நிமிர்த்தி வாங்குகிறார். ஏனென்றால் நேற்று அவர் போட்டவர், நாளை போடப்போகிறவர். எம்மாவுஸ் இயக்கம் பணத்தைக் கையாளும் முறையில் நான் பார்ப்பது அந்த நிமிர்வைத்தான். மொய்யில் கடன் சுமையும் உண்டு, திருப்பிப் போட முடியாமல் தவிக்கும் வீடுகளும் உண்டு என்பது எனக்குத் தெரியும். அந்தச் சுமையைக் கழித்துவிட்டு நிமிர்வை மட்டும் எடுத்துக்கொள்ளச் சொல்கிறேன்.

இனி கசப்பான பகுதி. நல்லதை மட்டும் சொல்லிவிட்டு மேடையிறங்கினால் உங்களுக்கு நான் துரோகம் செய்தவனாவேன்.

2024 ஜூலையில் எம்மாவுஸ் அமைப்புகளே ஓர் அறிக்கையை வெளியிட்டன. அபே பியேர் தங்களிடம் பாலியல் அத்துமீறல் செய்தார் என்று ஏழு பெண்கள் சொன்ன சாட்சியம் அதில் இருந்தது. அவர்களில் ஒருவர் அப்போது சிறுமி. அடுத்தடுத்து மேலும் அறிக்கைகள், மேலும் பல சாட்சியங்கள். 1950-களிலேயே பிரெஞ்சுத் திருச்சபை மேலிடத்தில் சிலருக்கு இது தெரிந்திருந்தது என்று பின்னர் திறக்கப்பட்ட ஆவணங்கள் காட்டின. 2007-இல் அவர் மறைந்தபோது நாடே அழுதது. பல ஆண்டுகள் பிரெஞ்சுக்காரர்களின் மனங்கவர்ந்த மனிதர் பட்டியலில் முதலிடத்தில் இருந்தவர். அந்தப் புகழின் அடியில் இத்தனை பெண்களின் வாய் அடைக்கப்பட்டிருந்தது.

என்ன செய்தார்கள்? வெளி நிறுவனம் ஒன்றை அமர்த்தி விசாரிக்கச் சொன்னவர்கள் அவர்களேதான். வந்ததை மறைக்காமல் வெளியிட்டார்கள். இன்னும் யாராவது பாதிக்கப்பட்டிருந்தால் வந்து சொல்லுங்கள் என்று அழைத்தார்கள். அவர் பெயரைத் தாங்கியிருந்த வீட்டுவசதி அறக்கட்டளை 2025-இல் அந்தப் பெயரையே கைவிட்டது. அவர் வாழ்ந்த எஸ்தெவீல் நினைவிடம் மூடப்பட்டது.

நம் சின்ன டிரஸ்டுகளில் நிறுவனரின் படம் எத்தனை சுவரில் தொங்குகிறது! ரசீதில் அவர் முகம், காலண்டரில் அவர் முகம், ஆண்டறிக்கையின் அட்டையில் அவர் முகம். ஒரு பெண் ஊழியர் அவர்மீது புகார் சொல்லவேண்டி வந்தால் யாரிடம் போவார்? அந்த முகத்தைக் காட்டித்தான் நன்கொடை வருகிறது என்றால், அந்தப் புகாரைக் கேட்க நமக்குக் காது இருக்குமா? நாற்காலி விற்று வந்த பணத்துக்கு யார் முகமும் தேவைப்படவில்லை. பெயரை எடுத்த பிறகும் கடைகள் திறந்திருக்கின்றன, அறைகளில் ஆட்கள் தங்கியிருக்கிறார்கள். உழைத்துச் சேர்க்கும் பணம் கொடுக்கிற சுதந்திரங்களில் இதுவும் ஒன்று என்று நினைக்கிறேன்.

இன்னொரு குறையும் உண்டு. 2023 ஜூலையில், பிரான்ஸில் லீல் நகரத்துக்கு அருகே ஓர் எம்மாவுஸ் குடியிருப்பின் தோழர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். குடியேற்ற ஆவணம் இல்லாதவர்கள் அவர்கள். ஆவணம் கிடைக்கும் என்ற நம்பிக்கையில் வருடக்கணக்கில் உழைக்கிறோம், எங்களைச் சுரண்டுகிறார்கள் என்றார்கள். தோழர் என்று அழைத்துவிட்டால் மட்டும் போதாது. போக வேறு இடமில்லாதவரிடம் நீயாகத்தானே வந்தாய் என்று சொல்ல நமக்கு உரிமையில்லை. நம் ‘வாலண்டியர்’களுக்கு மாதம் என்ன கொடுக்கிறோம், எத்தனை மணிநேரம் வேலை வாங்குகிறோம் என்று இன்றிரவு ஒருமுறை கணக்குப் பாருங்கள்.

நம் நாட்டு நிலைமைக்கு வருகிறேன். 2020-இல் வெளிநாட்டுப் பங்களிப்பு ஒழுங்குமுறைச் சட்டம் திருத்தப்பட்டது. வெளிநாட்டுப் பணம் பெறும் ஓர் அமைப்பு அதை இன்னோர் அமைப்புக்கு மாற்றிக் கொடுக்கக்கூடாது என்று வந்தது. நிர்வாகச் செலவின் உச்சவரம்பு 50 சதவீதத்தில் இருந்து 20 ஆனது. டெல்லியில் உள்ள ஸ்டேட் வங்கிக் கிளையில் தனிக் கணக்கு கட்டாயமானது. பெரிய அமைப்பு வாங்கிச் சின்ன அமைப்புக்குப் பிரித்துக் கொடுத்துவந்த வழி அடைபட்டது. அந்த வழியை நம்பியிருந்த கிராமத்து அமைப்புகள் எத்தனை படுத்துவிட்டன என்று உங்களுக்கே தெரியும். அந்தத் திருத்தம் சிறியவர்களைத்தான் அதிகம் அடித்தது என்பது என் கருத்து. அதை மாற்றக் கேட்கவேண்டும், கேட்போம். அதுவரை கையைக் கட்டிக்கொண்டு இருக்கமுடியுமா?

ஒரு யோசனை சொல்கிறேன். மார்கழிக் கடைசி நாளில் போகி வருகிறது. பழையன கழிக்கிறோம் என்று எரிக்கிறோம். டயரையும் பிளாஸ்டிக்கையும் எரிக்காதீர்கள் என்று மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் வருடா வருடம் சொல்லிக்கொண்டிருக்கிறது. இந்த ஊரில் இருக்கிற சின்ன டிரஸ்டுகள் எல்லாம் ஒன்றுசேர்ந்து, மார்கழி கடைசி இரண்டு வாரம் தெருத் தெருவாகக் குட்டியானை வண்டியில் போய், எரிக்கப்போகிற பொருளைக் கேட்டு வாங்குவோம். புடவை, பாத்திரம், சைக்கிள், மிக்ஸி, பாடப்புத்தகம், மடக்கு நாற்காலி. பிரிக்கிற வேலைக்கும் பழுதுபார்க்கிற வேலைக்கும் நம்மிடம் உதவிபெறுகிறவர்களையே அழைப்போம். முதியோர் இல்லத்தில் டெய்லர் இருக்கிறார், எனக்குத் தெரியும். கைம்பெண்கள் சங்கத்தில் பாத்திரத்துக்கு ஈயம் பூசும் குடும்பத்துப் பெண் இருக்கிறார். சைக்கிள் கடை வைத்திருந்தவர், குடியை விட்டு மீண்டு, மறுவாழ்வு மையத்தில் வேலைக்குக் காத்திருக்கிறார். அவர்களுக்கு நாள்கூலி கொடுத்துவிட்டு, மிச்சத்தை இதே மண்டபத்தில் விற்போம். விலைச்சீட்டு ஒட்டி, பில் போட்டு விற்போம்.

வருகிற பணத்தில் முதல் பங்கு யாருக்கு? சேர்த்த டிரஸ்டுக்கு வேண்டாம். ஒவ்வொரு டிரஸ்டும் தன் முதல் பங்கை இன்னொரு டிரஸ்டுக்குக் கொடுக்கட்டும். யாருக்கு எவ்வளவு என்று அந்த மேசையில் வேலைபார்த்தவர்களும் சேர்ந்து கையைத் தூக்கி முடிவுசெய்யட்டும். முதியோர் இல்லத்துப் பாட்டி, மாலைப் பள்ளிக் குழந்தைகளுக்கு நோட்டு வாங்கிக் கொடுத்தார் என்று கணக்கில் எழுதுவோம்.

வாசல் பக்கத்து மேசையில் ஒரு நீள நோட்டு வைத்திருக்கிறேன். டிரஸ்ட் பெயர், பொறுப்பாளர் பெயர், எந்தத் தெருக்களுக்குப் போகமுடியும் என்ற விவரம் எழுத இடம் விட்டிருக்கிறது. கடைசிக் கட்டத்தில் உங்களிடம் உதவிபெறுகிறவர்களில் யாருக்கு என்ன வேலை தெரியும் என்று எழுதுங்கள். தெரியாவிட்டால் வீட்டுக்குப் போய்க் கேட்டுக்கொண்டு, நாளைக் காலை பத்து மணிக்குள் வந்து எழுதிவிட்டுப் போங்கள். அலுவலகம் திறந்திருக்கும்.